கூடத்துக் குச்சியும் சொந்தக் கியூவும்

எங்கள் ராயபுரம் பக்கம் பில்லியர்ட்ஸ் போன்ற பூல் (pool) மேசை ஆட்டம் ஆடுகிறவர்கள் சொந்தக் கியூவில், அதாவது பந்தை அடிக்கும் குச்சியில், ஒரு தடவையாவது ஆடிப் பார்க்க வேண்டும். ஆட்டக் கூடத்தில் பொதுவாக வைத்திருக்கும் குச்சியில் அந்தச் சுகமே வராது.

என் சேகரிப்பில் உயிர் என்றால், சொல்லிச் செய்த மேப்பிள் மரக் கியூதான். 58 அங்குலம், 19 அவுன்ஸ். பின்பகுதி கருங்காலி, அதில் ஊசி முனை போல ஏறும் வெளிர் மேப்பிள் பதிப்பு. விரலால் தடவினால் சேர்த்த இடமே தட்டுப்படாது. தோல் முனை 13 மில்லிமீட்டர். முனையில் சாக் கட்டி (chalk) தேய்த்து வெள்ளைப் பந்தின் அடிப்பக்கம் குத்தினால், மற்றப் பந்தைத் தட்டிவிட்டு அப்படியே பின்னால் உருண்டு வரும்.

இதையெல்லாம் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைப்பது பாவம். ஆடத்தானே செய்தது!

அப்புறம், வெயிலில் நிற்கும் வண்டிக்குள் கியூவை விடாதீர்கள், மரம் வளைந்துவிடும்.

ஞாயிறு சாயங்காலம் யார் யார் வர்றீங்க? இரண்டு கியூ எடுத்து வருகிறேன்.