ஒரு ஸ்கூப்பில் 300

மாலை ஐந்து மணிக்குத் துறைமுகத்தில் வேலை முடியும். தூத்துக்குடியிலும் துறைமுக வேலைதான் பார்த்தேன், இப்போது தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் அதேதான். பகல் முழுக்க கன்டெய்னர் சீட்டுகளைச் சரிபார்த்துவிட்டு, பிப்ரவரிப் புழுக்கத்தில் ஜிம்முக்குப் போனால் கை கால் பஞ்சாகக் கிடக்கும். அப்படி ஒரு நாள், என்னோடு பயிற்சி செய்யும் திருச்சிக்காரத் தம்பி டப்பாவை நீட்டினார். "ஒரு ஸ்கூப் போட்டுப் பாருங்கண்ணே."

பயிற்சிக்கு முன் தெம்புக்காகக் குடிக்கும் 'ப்ரீ-வொர்க்அவுட்' பவுடர், ஊதா நிறம். ஷேக்கரில் குலுக்கிக் குடித்தேன். புளிப்பு மிட்டாயைக் கரைத்த மாதிரி இருந்தது. கால் மணி நேரத்தில் காது மடல் ஊற ஆரம்பித்தது. அப்புறம் கன்னம், கழுத்து, புறங்கை. தோலுக்கு அடியில் சிற்றெறும்புகள் வரிசையாக ஓடுவது போல. பயந்துபோய்க் கேட்டால், "அது வேலை செய்யுதுன்னு அர்த்தம்ணே" என்றார். அன்று ஸ்குவாட்டில், அதாவது எடையைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவதில், எப்போதும் எட்டு முறையில் நின்றுவிடும் நான் பத்து ரெப்ஸ் முடித்தேன். மறுநாளே எனக்கும் ஒரு டப்பா வாங்கிவிட்டேன்.

மூன்று வாரம் ஓடியது. இரவு பதினொன்றுக்குப் படுத்தால் இரண்டு மணிக்கும் கண் மூடாது. நெஞ்சு தலையணையில் மோதுவது கேட்கும். ஒரு நள்ளிரவில் மனைவி மணிக்கட்டைப் பிடித்து எண்ணிப் பார்த்தாள். 92. படுத்திருக்கும்போது எனக்கு வழக்கமாக 64தான் இருக்கும். விடியும் முன்பே ஹடிடாப் பறவைகள் கூரை மேல் கத்திக்கொண்டு போகும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தூக்கத்திலிருந்து எழுந்தவன், அந்த வாரங்களில் அதை விழித்தபடியே கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

அதற்குப் பிறகுதான் டப்பாவின் பின்பக்கத்தை உட்கார்ந்து படித்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

ஒரு ஸ்கூப்பில் 300 மில்லிகிராம் காஃபின். என் எடை 68 கிலோ, அதாவது கிலோவுக்கு 4.4 மில்லிகிராம். விளையாட்டு ஆய்வுகளில் பலன் தெரிவதாகச் சொல்லும் அளவு கிலோவுக்கு 3 முதல் 6 வரை. ஆகவே அந்த இரண்டு ரெப்ஸ் பொய்யில்லை. களைப்பை மூளைக்குச் சொல்லும் அடினோசின் உட்காரும் இடத்தில் காஃபின் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதே எடை கொஞ்சம் லேசாகத் தெரிகிறது. ஆனால் உடலில் அது பாதியாகக் குறையச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். ஐந்தரைக்குக் குடித்தால் பத்தரைக்கு 150 மிச்சம், அதிகாலை மூன்றரைக்கும் 75 மிச்சம். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கே தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்ததாக 2013இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாள் முழுவதற்கும் 400 என்பதுதான் பொதுவாகச் சொல்லும் வரம்பு. என் காலைக் காபியையும் பகல் தேநீரையும் சேர்த்தால் அதை எப்போதோ தாண்டியிருப்பேன்.

அந்த எறும்பு ஊறல்? அது டப்பாவில் இருந்த இன்னொரு பொருள், பீட்டா அலனின். தோலில் உள்ள நரம்பு முனைகளை அது கிளறிவிடுகிறது, அவ்வளவுதான். தசையில் சேரும் அமிலத்தைச் சமாளிக்கும் கார்னோசினைக் கூட்டி, ஒன்றிலிருந்து நான்கு நிமிடம் வரை நீளும் கடும் முயற்சியில் கொஞ்சம் தாக்குப்பிடிக்க உதவுவது உண்மைதான். ஆனால் அதற்குத் தினமும் 4 முதல் 6 கிராம் வரை, வாரக்கணக்கில் எடுக்க வேண்டும். அன்றைய ஊறலுக்கும் அன்றைய பலத்துக்கும் சம்பந்தமே இல்லை. தசைபலத்துக்காகப் பலர் எடுக்கும் கிரியேட்டினும் அப்படித்தான், தினமும் 3 முதல் 5 கிராம் போதும், காலையில் எடுத்தாலும் ராத்திரி எடுத்தாலும் ஒன்றுதான். 'பயிற்சிக்கு முன்' என்று பெரிய எழுத்தில் போட்ட டப்பாவில், எனக்கு உடனே வேலை செய்தது என்று சொல்லத்தக்கது காஃபின் மட்டும்தான். ஊறலை நம்பி மூன்று வாரத் தூக்கத்தைக் கொடுத்தேன் என்பதில் எனக்கு இன்னும் வருத்தம்.

நான் இதை எழுதுவது என் மனைவியின் அக்கா மகனுக்காக. டர்பனிலேயே சாட்ஸ்வர்த் பகுதியில் இருக்கிறான், பதினாறு வயது, பள்ளி ரக்பி அணியில் ஆடுகிறான். போன மாதம் பவுடரைத் தண்ணீரே இல்லாமல் வாயில் கொட்டி விழுங்கும் வீடியோவைக் காட்டி, "சித்தப்பா, இது நல்லதா?" என்று கேட்டான். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பவுடர் மூச்சுக்குழாயில் போகலாம். அவ்வளவு காஃபினும் ஒரே மூச்சில் உடம்புக்குள் போகும். கையில் ஒரு டப்பாவும் வைத்திருந்தான். அதில் எந்தப் பொருள் எவ்வளவு என்றே இல்லை, 'கலவை' என்று மொத்த எடை மட்டும். இப்படி மறைத்து விற்பதை நான் ஏற்கவே மாட்டேன்.

மெத்தில்ஹெக்ஸனமைன் பற்றியும் சொன்னேன். ஒரு காலத்தில் இந்த டப்பாக்களில் சாதாரணமாக இருந்த பொருள். ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது, போட்டிகளில் தடை செய்யப்பட்டது. எங்கள் பக்கத்தில் நடக்கும் பெரிய நெடுந்தூர ஓட்டமான கம்ரேட்ஸ் மாரத்தானில் 2012இல் முதலாவதாக வந்தவரின் மாதிரியில் அது இருந்ததாகச் செய்தி வந்து ஊரே பேசியது. பரிசோதனை நடைமுறையில் குறைகள் இருந்ததால் மறு ஆண்டு அவரை விடுவித்தார்கள். ஆனாலும் விதி விதிதான்: உடம்பில் என்ன இருந்தாலும் வீரரே பொறுப்பு. டப்பாவில் எழுதவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது.

அவன் முகம் வாடியதைப் பார்த்து, டப்பா இல்லாமலே உதவக்கூடிய பீட்ரூட் கதைக்குப் போனேன். அதிலுள்ள நைட்ரேட்டை நம் நாக்கில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. உடம்பு அதை நைட்ரிக் ஆக்சைடாக்கி ரத்தக் குழாய்களை விரிக்கிறது. கிருமிநாசினி மவுத்வாஷால் வாய் கொப்பளித்தால் இந்த வேலையே கெட்டுப்போகும். அதைக் கேட்டதும் நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பார்த்தான்.

நான் இப்போது ஜிம்முக்குக் காலையில் போகிறேன். ஐந்து மணிக்கு ஒரு டம்ளர் ஃபில்டர் காபி, ஒரு வாழைப்பழம். ஸ்குவாட்டில் ஒன்பது வருகிறது. அவனுடைய டப்பா எங்கள் அடுக்களையில் மிளகாய்த்தூளுக்குப் பக்கத்தில் சீல் உடைக்காமல் இருக்கிறது. சனிக்கிழமை இரண்டு பேரும் நார்த் பீச்சில் ஐந்து கிலோமீட்டர் ஓடப் போகிறோம். பீட்ரூட் வாங்கி வைத்துவிட்டேன்.