வாசிக்க வரவில்லையா, விளங்கவில்லையா? கிரகித்தலைக் கணிப்பிடும்போது நான் பார்ப்பவை

தவணைப் பரீட்சை வந்தால் கிரகித்தல் பந்திக்காகப் பழைய வினாத்தாள்களைப் புரட்டுகிறோம். ஒரு பந்தி, கீழே ஐந்து கேள்வி, மொத்தம் பத்துப் புள்ளி. பிள்ளை நான்கு எடுத்தால் ‘கிரகித்தல் குறைவு’ என்று குறித்துவிட்டு அடுத்த விடைத்தாளுக்குப் போய்விடுகிறோம். எழுத்துக் கூட்டவே சிரமப்பட்டுத்தான் நான்கு எடுத்ததா, சரளமாக வாசித்தும் விளங்கவில்லையா, விளங்கியும் எழுத வரவில்லையா? மூன்றுக்கும் செய்யவேண்டிய பரிகாரம் வேறு வேறு. திருகோணமலையில் இடைநிலை வகுப்புகளுக்குத் தமிழ் படிப்பித்த அனுபவத்தில், இதைப் பிரித்தறிய எனக்குக் கைகொடுத்த வழியைப் புதிதாகச் சேவைக்கு வந்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

கிட்டத்தட்ட ஒரே கடினமுள்ள இரண்டு பந்திகளை எடுங்கள். ஒன்றைப் பிள்ளை தானே வாசித்து விடை எழுதட்டும். மற்றதை நீங்கள் வாசிக்க, கேட்டு விடை சொல்லட்டும். இரண்டு புள்ளிகளையும் அருகருகே எழுதிப் பாருங்கள்.

கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் இதற்கு எளிமையான ஒரு விளக்கம் தந்தார்கள். எழுத்தைச் சொல்லாக்கும் திறனையும் மொழியை விளங்கிக்கொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதுதான் வாசித்து விளங்குதல். பெருக்கல் என்பதால் இரண்டில் ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம்தான். கேட்கும்போது எட்டும் வாசிக்கும்போது மூன்றும் எடுக்கும் பிள்ளைக்கு விளக்கம் இருக்கிறது, எழுத்துத்தான் தடை. அவருக்குத் தினமும் சத்தமாக வாசிக்கும் பயிற்சி வேண்டும். இரண்டிலும் மூன்றே எடுப்பவருக்கு வாசிப்புப் பயிற்சி மட்டும் போதாது. சொல்வளம், பொது அறிவு, கதை கேட்கும் பழக்கம் என்று அடியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். இந்த இருவரையும் ஒரே பரிகார வகுப்பில் இருத்தி ஒரே பயிற்சியைக் கொடுத்தால் இரண்டு பேருக்குமே நேரம் வீண்.

சரி, கேள்விகளுக்கு வருவோம். நான் எழுதிப் பயன்படுத்திய பந்தி ஒன்றின் பகுதி இது:

“கார்த்திகை பிறந்துவிட்டது. வாடைக்காற்று இரவு முழுக்கக் கூரையைத் தட்டியது. அப்பாவின் தோணி பத்து நாளாகக் கரையில் கவிழ்ந்து கிடந்தது. நிலாவின் சப்பாத்து விரல் பக்கம் கிழிந்திருந்தது. அவள் அதைப் பற்றி வீட்டில் எதுவும் சொல்லவில்லை.”

‘தோணி எங்கே கிடந்தது?’ என்று கேட்டால் வகுப்பு முழுக்கச் சரியாக எழுதும். ‘தோணி’ என்ற சொல்லைத் தேடிப் பிடித்து, பக்கத்தில் இருப்பதைப் பார்த்து எழுதினால் போதும். விளங்கியிருக்க வேண்டிய தேவையே இல்லை. ‘நிலா ஏன் சப்பாத்தைப் பற்றிச் சொல்லவில்லை?’ என்பதுதான் உண்மையான கேள்வி. பந்தியை அப்படியே பார்த்து எழுதிப் பழகிய பிள்ளை “சப்பாத்து விரல் பக்கம் கிழிந்திருந்தது” என்று எழுதும். விளங்கிய பிள்ளை “அப்பாவுக்குத் தொழில் இல்ல, காசு கேட்டா கஷ்டப்படுவார்” என்று எழுதும். காற்று, கவிழ்ந்த தோணி, கிழிந்த சப்பாத்து, மௌனம் என்ற நான்கையும் அந்தப் பிள்ளை தானாகவே கோத்திருக்கிறது. பேச்சு வழக்கில் எழுதியது என்பதற்காக அதற்குப் புள்ளி வெட்டுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். எழுத்துநடைக்குக் கட்டுரையில் புள்ளி போடுகிறோம். இங்கே கணிப்பிடுவது விளக்கத்தை.

இன்னொரு விஷயமும் அந்தப் பந்தியில்தான் தெரிந்தது. நிலாவெளிப் பக்கத்திலிருந்து வரும் கடற்றொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் அந்தக் கேள்விக்கு யோசிக்காமலே விடை சொன்னார்கள். வழக்கமாக நன்றாக வாசிக்கும் நகரத்துப் பிள்ளைகள் சிலர் தடுமாறினார்கள். தோணி கவிழ்ந்து கிடந்தால் அடுப்பு எரிவது கஷ்டம் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. 1988இல் ரெக்ட், லெஸ்லி என்ற ஆய்வாளர்கள் பேஸ்போல் பற்றிய பந்தி ஒன்றை மாணவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். விளையாட்டை நன்கு தெரிந்த, வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகள், விளையாட்டைத் தெரியாத நல்ல வாசிப்பாளர்களைவிட அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். ஆகவே ஒரே பந்தியை வைத்து எந்தப் பிள்ளையையும் தீர்மானித்துவிடாதீர்கள். கடல், வயல், சந்தை, விஞ்ஞானம் என்று பந்திகளை மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. ‘கன்னியாவில் எத்தனை வெந்நீர்க் கிணறுகள் உள்ளன?’ என்று கேட்டால் திருகோணமலைப் பிள்ளை பந்தியைப் பார்க்காமலே ஏழு என்று எழுதும். அது கிரகித்தல் புள்ளி அல்ல. இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வேலை இருக்கிறது. வினாத்தாளை அச்சுக்குக் கொடுக்க முன், பந்தியை மறைத்துக் கேள்விகளை மட்டும் வேறு வகுப்புப் பிள்ளைகள் சிலரிடம் கொடுங்கள். அவர்கள் சரியாக எழுதிவிடுகிற கேள்வியை எடுத்துவிடுங்கள், அல்லது ‘பந்தியின்படி’ மட்டுமே விடை வரக்கூடியதாக மாற்றுங்கள்.

கேட்டலுக்கு வந்தால், அதைப் பாடசாலையில் நாம்தான் பார்க்க வேண்டும். சாதாரண தரத் தமிழ்மொழி வினாத்தாளில் கேட்டல் பரீட்சை இல்லை. அதனாலேயே பலர் அதைத் தொடுவதில்லை. வாசிக்கும் பந்தியைவிடக் கேட்கும் பந்தி சிறியதாக இருக்கட்டும். தரம் 6, 7க்கு நான் நூற்றிருபது சொல்லுக்கு மேல் போவதில்லை. வாசிக்கும்போது கண் பின்னால் போய்ப் பார்க்கலாம், காது அப்படிப் போகாது. நீண்ட பந்தியை வாசித்துவிட்டுப் பத்துக் கேள்வி கேட்டால் கடைசியில் கணிப்பிடப்படுவது ஞாபகசக்திதான். முதல் தடவை பேனையைக் கீழே வைத்துக் கேட்கட்டும். பிறகு கேள்விகளைக் காட்டுங்கள். அப்புறம் இரண்டாம் தடவை வாசியுங்கள். ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்ற ஆங்கிலப் பரீட்சையில் ஒலிப்பதிவு ஒரே தடவைதான் ஒலிக்கும். அது வேறு நோக்கம், வேறு வயது.

பந்தி பேசுகிற மாதிரி இருக்க வேண்டும். நீண்ட எழுத்துநடை வாக்கியங்களைக் காதால் பிடிப்பது பெரியவர்களுக்கே கஷ்டம். ல, ள, ழ பிழைகளுக்கு இங்கே புள்ளி குறைக்கக் கூடாது. எழுத்தில் பின்தங்கியவர்கள் என்று தெரிந்தால் வாயால் விடை சொல்ல விடுங்கள், அல்லது படங்களை ஒழுங்குபடுத்தச் சொல்லுங்கள்.

அரைச்சுவர் வகுப்புகளில் பக்கத்து வகுப்பின் சத்தமும் வீதியின் ஹோர்ன் சத்தமும் சேர்ந்தே வரும். முதல் பாடவேளையில், வகுப்பின் நடுவில் நின்று வாசியுங்கள். வாசிப்பில் நல்ல புள்ளியும் கேட்டலில் மட்டும் குறைந்த புள்ளியும் வாங்கும் பிள்ளையைக் கவனியுங்கள். ஒரு பக்கம் தலையைத் திருப்பிக் கேட்கிறாரா, “என்ன ரீச்சர்?” என்று அடிக்கடி கேட்கிறாரா, பக்கத்தில் இருப்பவரின் கொப்பியை எட்டிப் பார்க்கிறாரா என்று பாருங்கள். கவனமில்லாத பிள்ளை என்று முத்திரை குத்த முன் காதைப் பரிசோதிக்க வேண்டும். பெற்றோரை அழைத்துச் சொல்லுங்கள். பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு வரும்போது பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அந்தப் பெயரைக் கொடுங்கள்.

புள்ளிப் பதிவில் ‘கிரகித்தல்’ என்ற ஒரே நிரலை உடைத்து, வாசித்தல் நேரடி, வாசித்தல் உய்த்தறிதல், கேட்டல் நேரடி, கேட்டல் உய்த்தறிதல் என்று நான்காக்குங்கள். தோணிக் கேள்வி போல விடை பந்தியிலேயே இருப்பது நேரடி, சப்பாத்துக் கேள்வி போலப் பிள்ளை தானே கோத்து அறிய வேண்டியது உய்த்தறிதல். அடுத்த தவணையில் பந்தியை மாற்றுங்கள், ஆனால் கேள்விகளின் வகையையும் எண்ணிக்கையையும் அப்படியே வைத்திருங்கள். அப்போதுதான் இரண்டு தவணைப் புள்ளிகளையும் ஒப்பிடலாம். பழைய பந்தியைத் திரும்பப் போட்டால் அக்காவின் கொப்பியிலிருந்து தம்பிக்கு விடை ஏற்கெனவே போயிருக்கும்.