கோர்த்தெஸைத் தெய்வம் என்று முதலில் சொன்னது யார்?

1519 நவம்பர் 8 அன்று, இன்றைய மெக்சிகோ நகரம் உள்ள இடத்தில், ஏரிக்கு நடுவே அமைந்திருந்த ஆஸ்டெக் தலைநகரான தெனொச்தித்லானுக்குச் செல்லும் பாதையில், ஸ்பானியத் தளபதி எர்னான் கோர்த்தெஸை ஆஸ்டெக் பேரரசர் மொக்தெசுமா எதிர்கொண்டு வரவேற்றார். திரும்பி வந்த கெட்சால்கோவாட்ல் தெய்வமே இவர் என்று நம்பியதால்தான் பேரரசர் பணிந்தார் என்ற விளக்கத்தை இன்றும் பலர் ஐயமின்றி எழுதுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அந்த விளக்கம் எந்த ஆண்டில், யாருடைய எழுத்தில் முதலில் தென்படுகிறது என்று தேடிப் பார்த்த வரலாற்றாசிரியர்களின் உழைப்பே அதற்குக் காரணம்.

சந்திப்பு நடந்த மறு ஆண்டில், 1520 அக்டோபரில், கோர்த்தெஸ் தம் மன்னருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் கெட்சால்கோவாட்லின் பெயரே இல்லை. முன்னொரு காலத்தில் நீங்கிச் சென்ற ஓர் அரசனின் வழிவந்தவர்கள் நீங்கள் என்று சொல்லி மொக்தெசுமா ஆட்சியை ஒப்படைத்ததாக மட்டுமே அது கூறுகிறது. கியூபா ஆளுநரின் ஆணையை மீறிப் புறப்பட்டிருந்த கோர்த்தெஸுக்கு இந்த உரை மிகவும் தேவைப்பட்டது என்பதை மறந்துவிடக் கூடாது. பேரரசர் தாமாகவே பணிந்தார் என்றால், அதன் பிறகு எழுந்த எதிர்ப்பு முழுவதும் கலகம் ஆகிவிடும், அதை அடக்கியவர் மன்னரின் விசுவாசமான ஊழியர் ஆகிவிடுவார். மேலும், மொக்தெசுமாவின் பேச்சு ஆஸ்டெக்குகளின் மொழியான நாவாட்லிலிருந்து மாயா மொழிக்கும், அதிலிருந்து ஸ்பானியத்துக்குமாக மலின்ட்சின் என்ற பெண், அகிலார் என்ற ஸ்பானியர் ஆகிய இருவர் வாய்வழியே கடந்து வந்திருக்க வேண்டும்.

தெய்வக் கதை 1540களிலும் அதன் பின்னரும் பாதிரியார்களின் எழுத்துகளில்தான் வளர்கிறது. பெர்னார்தினோ தெ சகாகுன் என்ற துறவியின் மேற்பார்வையில் நாவாட்ல் பேசிய நாவா அறிஞர்கள் உருவாக்கிய, இன்று ஃபிளாரன்ஸ் நகரில் பாதுகாக்கப்படும் 12 பகுதிகள் கொண்ட பெருநூலில் அது முழு வடிவம் பெறுகிறது. அந்த அறிஞர்கள் தெனொச்தித்லானை ஒட்டியிருந்த த்லாதெலொல்கோ நகரில் 1536இல் தொடங்கப்பட்ட கல்லூரியில் லத்தீன் கற்றவர்கள். ஸ்பானியர் வருவதற்கு முன் தோன்றியதாக அவர்கள் விவரிக்கும் எட்டுத் துர்நிமித்தங்களில் சில, பழைய ஐரோப்பிய நூல்களில் நகரங்களின் அழிவுக்கு முன் தோன்றும் அறிகுறிகளை ஒத்திருப்பதை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். தங்கள் முன்னோர் ஏன் தோற்றார்கள் என்ற வேதனையான கேள்விக்கு அடுத்த தலைமுறை தேடிக்கொண்ட விடையாகவே இதை நான் வாசிக்கிறேன். த்லாதெலொல்கோ வீரர்கள் அதில் தீரத்துடன் போரிடுகிறார்கள், அண்டை நகரின் பேரரசரோ அஞ்சி நடுங்குகிறார். எழுதியவர்களின் ஊர்ப்பற்று அதில் மறைந்திருக்கவில்லை.

ஆனால் அதே நூல்தான், 1520இல் பெரியம்மை தாக்கியபோது நோயாளிகள் அசையக்கூட முடியாமல் கிடந்ததையும், உணவூட்ட ஆளின்றிப் பலர் பட்டினியால் மாண்டதையும் நெஞ்சு பதற வைக்கும்படி பதிவு செய்திருக்கிறது. 1521 ஆகஸ்ட் 13 அன்று நகரம் வீழ்ந்ததை விளக்க இந்த நோயும், ஆயிரம் பேர்கூட இல்லாத ஸ்பானியப் படையோடு சேர்ந்து முற்றுகையிட்ட, ஆஸ்டெக்குகளின் எதிரிகளான த்லாஸ்கலா உள்ளிட்ட உள்நாட்டு மக்களின் பெருந்திரளும் அவசியம். த்லாஸ்கலா மக்கள் 1550களில் துணியில் வரைந்து வைத்த ஓவியங்களில் அவர்களே வெற்றியாளர்களாக நிற்கிறார்கள். அவர்களுக்கும் அரசரிடமிருந்து சலுகை பெறும் நோக்கம் இருந்தது என்றாலும், கோர்த்தெஸின் கடிதங்கள் ஓரத்தில் ஒதுக்கிய ஒரு பெரும் கூட்டத்தை அந்தத் துணிதான் நடுவுக்குக் கொண்டுவருகிறது.

எழுதியவரின் நோக்கம் தெரிந்துவிட்டது என்பதற்காக அவர் சொன்ன அனைத்தையும் தள்ளிவிடவும் முடியாது. மனித மண்டையோடுகளால் ஆன பெரும் சட்டகத்தைக் கண்டதாக ஸ்பானிய வீரர்கள் எழுதியதைப் பலர் மிகைப்படுத்தல் என்றே கருதிவந்தார்கள். 2015இல் மெக்சிகோ நகரப் பேராலயத்துக்குப் பின்புறம் நடந்த அகழாய்வில் அந்தச் சட்டகத்தின் எச்சங்கள் வெளிப்பட்டன. வீரர்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையை அவை உறுதிப்படுத்தவில்லை, ஆயினும் போரில் பிடிபட்ட ஆண்களின் தலைகளே இருக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் பெண்கள், குழந்தைகளின் மண்டையோடுகளும் கிடைத்திருக்கின்றன.