பாமினிக்குள் பதுங்கியிருந்த 501

பேத்தி காதுகுத்துக்குப் பத்திரிகை வைக்கணுமாம். அம்மாவுக்கு நேற்று ராத்திரி திடீரென்று 2003 அக்கா கல்யாண மொய்க்கணக்கு வேண்டும். நோட்டைக் கரையான் தின்று ஏப்பம் விட்டாயிற்று. மிச்சம், அப்பா ஒற்றை விரலால் பாமினியில் தட்டி வைத்த டெக்ஸ்ட் ஃபைல்தான். பாமினி, ஆங்கில விசைக் குறிகளைத் தமிழாகக் காட்டும் பழைய எழுத்துரு. பாமினியில் 'அம்மா' என்றால் எம், கே, செமிகோலன், கே, எச். இன்றைக்குத் திறந்தால் சொந்தபந்தம் மொத்தமும் ஆங்கிலத்தில் சாபம் விடுவதுபோல் இருக்கிறது.

"அந்தக் குப்பை எதுக்குடா இப்ப?" என்றார் அப்பா. அப்போதே சுதாரித்திருக்கணும்.

எந்தக் குறிக்கு எந்த யூனிகோடு எழுத்து, அதாவது இன்றைக்கு எல்லாக் கணினியும் படிக்கிற தமிழெழுத்து, என்று விதி எழுத உட்கார்ந்தேன். பந்தி மாதிரிதான், யாரை முதலில் உட்காரவைப்பது என்பதில்தான் வம்பே. எச் தனியாக வந்தால் துணைக்கால். பின்னாலேயே செமிகோலன் வந்தால் 'ர்'. நான் துணைக்காலை முதல் பந்தியில் உட்காரவைத்தேன். ஊரில் ஒரு 'ர்' மிஞ்சவில்லை. சேகர், சுந்தர் எல்லாரும் துணைக்காலுக்கு மேல் புள்ளி வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

அடுத்தது காற்புள்ளி. பாமினியில் அந்த விசைதான் 'இ'. எக்செலோ, காற்புள்ளியால் கட்டம் பிரிக்கும் சிஎஸ்வி ஃபைலில், காற்புள்ளியைக் கண்டால் அடுத்த கட்டத்துக்குத் தாவும். அவசரக்குடுக்கையாக முதலில் கட்டம் பிரித்து, அப்புறம் எழுத்தை மாற்றினேன். இந்திரா சித்தி 'ந்திரா'வாகிப் பக்கத்துக் கட்டத்தில் கிடந்தாள்.

"அவ என்னைக்குக் கூட்டுக்குடும்பத்துல இருந்தா?" என்றாள் அம்மா.

ஆங்கிலத்தில் அடித்திருந்த ஈ.பி.யும் தமிழாகிவிட்டது. மின்வாரியத்து ராமசாமி மாமா இனி எங்கள் வீட்டில் நுடீ மாமாதான்.

ராத்திரி ஒரு மணிக்கு எல்லாம் ஒழுங்காக வந்தது. பெயர், ஊர், தொகை. நாலாவதாகக் குறிப்பு என்று ஒரு கட்டம். நான் எழுதிய விதியில் அதற்கு இடமே இல்லை, சும்மா ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தாள்.

'தம்பி, 501. அவன் கையில் பணமில்லை. நானே போட்டு எழுதிவிட்டேன்.'

"ஏங்க! இந்த ஐநூத்தியொண்ணுக்கா நான் உங்க தம்பி வீட்டுக்கு ஆயிரம், ரெண்டாயிரம், ஒரு குத்துவிளக்குன்னு திருப்பிச் செஞ்சுக்கிட்டே இருக்கேன்?"

பதில் இல்லை. ஒரு மணிக்கு எந்த மனுஷன் வாழைக்குத் தண்ணி பாய்ச்சுவான்? கொல்லையில் குழாய் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.