இரண்டு கையாலும்

இஸ்ரேலில் கஃபர் ஹபாத் என்ற ஊரில் ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். சோவியத் நாட்டிலிருந்து வந்த, ஹபாத் என்ற யூத பக்தி இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் 1949இல் உண்டாக்கிய கிராமம் அது. அவருக்கு நடுக்குவாதம். நான் 'சபா' என்பேன், எபிரேயத்தில் தாத்தா.

காலையில் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, கண்ணாடியை மாட்டிவிட்டால் 'தான்யா'வைத் திறந்துவிடுவார். ஷ்னேயூர் சல்மான் என்ற ரப்பி (யூத மதகுரு) எழுதி 1796இல் அச்சான நூல். தினமும் ஒரு துண்டு படிப்பது அவர்கள் வழக்கம்.

ஒரு நாள் மாத்திரை நேரம் தவறியதற்கு நான்தான் காரணம் என்று அவருடைய மகன் கத்திவிட்டுப் போனார். நேரத்தை மாற்றச் சொன்னதே அவர்தான்! நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் பாத்திரம் கழுவுகிற சத்தத்திலேயே சபாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கூப்பிட்டு, பன்னிரண்டாம் அத்தியாயத்தைப் பிரித்தார். "மோஆக் ஷலீத் அல் ஹலேவ்." மூளை இதயத்தை ஆளும், பிறவியிலேயே மனிதனின் அமைப்பு அப்படித்தானாம்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. சம்பளம் கொடுக்கிற வீட்டில் இருந்துகொண்டு 'கோபத்தை அடக்கு' என்று கேட்டால் யாருக்குத்தான் வராது?

அவர் சொன்னது அது இல்லை என்று அப்புறம்தான் பிடிபட்டது. அந்த நூல் பேசுவது 'பெய்னோனி'யைப் பற்றி, இடைப்பட்ட மனிதனைப் பற்றி. அவனுக்குள் கோபம் சாவதே இல்லை. எழும், அது அவன் குற்றமும் இல்லை. நினைப்பு, பேச்சு, செயல் என்ற மூன்று உடைகளை அது உடுத்திக்கொள்ள அவன் விடுவதில்லை, அவ்வளவுதான். வாசலில் நிற்கிற கோபத்துக்கு நாற்காலி போடுவதா வேண்டாமா என்பது அவன் விருப்பம். 'ராட்சோன்' என்கிற அந்த விருப்பத்துக்கு, யூதர்களின் மறைஞானமான கபாலாவில் கிரீடத்தின் இடம், அறிவுக்கும் மேலே. உணர்ச்சிகளெல்லாம் அதற்குக் கீழேதான்.

வேண்டாத நினைப்பு தலைக்கு ஏறினால் இரண்டு கையாலும் தள்ளிவிட வேண்டும் என்று அதில் இருக்கிறது. சபா செய்தே காட்டினார். நடுங்குகிற இரண்டு கைகளையும் நீட்டிக் காற்றைத் தள்ளினார். தேநீர் டம்ளர் உருண்டு என் கால்சட்டை நனைந்தது. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

வேதக் கதையில் யோசேப்பு, தன்னை விற்றுவிட்ட அண்ணன்மாருக்கே நன்மை செய்ததைப் பார்த்துக் கற்றுக்கொள் என்றும் அதே அத்தியாயம் சொல்கிறது. சரி, அந்த அளவுக்கு என்னால் முடியவில்லை.

மறுவாரம் மகன் வந்தபோது தேநீர் போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை எவ்வளவு என்று மட்டும் கேட்கவில்லை.