பதினைந்து ரூபாய் பாக்கி

அப்பா போய் நாற்பது நாள் ஆகிறது. எழுதலாமா வேண்டாமா என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன், போன ஞாயிறு பொன்மலைச் சந்தைக்குப் போய்வந்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் அப்பா பிட்டர். 1971-ல் கலாசியாக, அதாவது உதவியாளாகச் சேர்ந்தவர். 1928-ல் நாகப்பட்டினத்திலிருந்து ஒர்க்‌ஷாப்பை இங்கே மாற்றியபோது கூடவே வந்தவர் அப்பாவின் தாத்தா. சாயங்காலச் சங்கு ஊதினால் சைக்கிளில் பத்தே நிமிஷத்தில் வீடு, ஆனால் அப்பாவுக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் ஆகும். வழியில் தெரிந்த முகம் ஒன்று போதும், ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றுவிடுவார், இறங்கவும் மாட்டார், கிளம்பவும் மாட்டார்.

1974 மே மாதம் இருபது நாள் நடந்த ரயில்வே ஸ்டிரைக்கைப் பற்றிக் கேட்டால் ஜார்ஜ் பெர்னாண்டஸ், கைது, போலீஸ் என்று ஏதாவது சொல்வார் என்று நாங்கள் காத்திருப்போம், அவரோ தெருமுனைப் பூக்காரம்மா முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்து கொடுத்த அரைப்படி அரிசியைப் பற்றித்தான் சொல்வார். அந்தம்மாவின் பேத்தி கல்யாணம் வரைக்கும் போய் மொய் எழுதினார்.

என் மகனுக்கு அவர் தாத்தா மட்டுமில்லை, மெக்கானிக் வாத்தியார். மிக்ஸி சத்தம் மாறினால் ஸ்க்ரூடிரைவரின் முனையை மோட்டார் மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்பார். பேரனும் அதேபோல் கண்ணை மூடுவான். "என்னடா கேக்குது?" "கரகரன்னு இருக்கு தாத்தா." "அப்ப புஷ் போச்சு." நான் பார்த்தவரை பாதி தடவை புஷ் போகவில்லை, அது வேறு விஷயம். ஊட்டி ரயில் இன்ஜின்கள் ஓவர்ஹாலுக்குப் பொன்மலைக்குத்தான் வரும். அவனை ஒருமுறை மேட்டுப்பாளையம் கூட்டிப் போய், கல்லாறு தாண்டினால் பல்சக்கரம் எப்படிக் கவ்வும் என்று பிளாட்பாரத்தில் குந்தி உட்கார்ந்து கைவிரல்களைக் கோத்துக் காட்டினார். சுற்றிப் பத்துப் பேர் கூடிவிட்டார்கள், அதில் இரண்டு பேர் தீபாவளிக்கு அவருக்குப் போன் செய்தார்கள்!

அம்மாவுக்கும் அவருக்கும் சண்டை வருவது ஒரே விஷயத்துக்குத்தான், பாக்கி. கையில் சில்லறை இருந்தாலும் கீரைக்காரம்மாவிடம் ஐந்து, டீக்கடையில் எட்டு என்று வைத்துவிட்டு வருவார். "மானம் போகுது, குடுத்துட்டு வந்தா என்ன?" என்பாள் அம்மா. "குடுத்துட்டா அடுத்த வாரம் எதுக்குடி நிப்பாட்டி பேசுவாங்க?" என்பார். நாங்கள் அதைச் சமாளிப்பு என்றே நினைத்தோம்.

போன ஞாயிறு சந்தையில் முருங்கைக்காய் விற்கிற அம்மா என் கையிலிருந்த பையைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார், அப்பாவின் பழைய காக்கிப் பை. "ஒங்கப்பா எங்க? பதினஞ்சு ரூவா பாக்கி, ஒரு மாசமா ஆளையே காணோம்." சொன்னேன். சாக்கை நகர்த்தி என்னை உட்கார வைத்தார். அழவில்லை, முருங்கைக்காயைக் கட்டிக்கொண்டே அவர் பையன் வேலை, அவர் முழங்கால் வலி, அதற்கு அப்பா சொன்ன எண்ணெய் என்று பேசிக்கொண்டே இருந்தார்.

எழுந்து இருபது ரூபாய் கொடுத்தேன். மீதி ஐந்து ரூபாய்க்குச் சுருக்குப் பையைத் துழாவினார்.

"இருக்கட்டும்மா, அடுத்த வாரம் வாங்கிக்கிறேன்."