33 வயதில் அப்ரண்டிஸ்: வெல்டிங்கைவிடப் பேப்பர்தான் படுத்தியது

தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) பயிற்சி முடிந்து, சான்றிதழ் போன மாதம் கைக்கு வந்தது. சந்தோஷம்தான். ஆனால் ஐடிஐயில் என்னோடு வெல்டர் பிரிவு படித்து, அதே கம்பெனியில் அப்ரண்டிஸாகச் சேர்ந்த பெண்களில் பாதிப் பேர் நடுவிலேயே நின்றுவிட்டார்கள். அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. ஒருத்திக்கும் தொழில் வராமல் இல்லை. ஒருத்திக்குப் பணம் வரவில்லை, இன்னொருத்திக்குப் பேப்பர் சரியில்லை. அடுத்து சேரப்போகிறவர்களுக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஐடிஐ வரை பிரச்சினையே இல்லை. நான் படித்தது எட்டாம் வகுப்பு, வெல்டருக்கு அது போதும். தமிழ்நாட்டில் ஐடிஐ சேரப் பெண்களுக்கு மேல் வயது வரம்பும் கிடையாது. அரசு ஐடிஐயில் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை வேறு. ஒரு வருடம் ஓடியே போனது.

முதல் முட்டுக்கட்டை பெயர். பள்ளிச் சான்றிதழிலும் ஐடிஐ சான்றிதழிலும் அப்பாவின் இனிஷியல். ஆதாரில் கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் பின்னால் ஏறியிருந்தது. கம்பெனி ஹெச்ஆரில் இருந்தவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டும் வேற வேற ஆள் மாதிரி இருக்கும்மா, ஒப்பந்தம் போட முடியாது" என்று திருப்பிக் கொடுத்தார். ஆதார் மையத்தில் ஒருவர் திருமணச் சான்றிதழ் கேட்டார். அதை எடுத்துக்கொண்டு போன அன்று வேறொருவர் உட்கார்ந்திருந்தார், அவர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பள்ளி டிசியில் போட்டோ இல்லை, செல்லாது என்றார். கடைசியில் பழைய பெயரிலேயே இருந்த பான் கார்டை வைத்துத்தான் காரியம் நடந்தது. ஒரு எச்சரிக்கை: ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த முடியும். அவசரத்தில் எதையாவது மாற்றி ஒரு வாய்ப்பைக் கரைத்துவிடாதீர்கள். சான்றிதழில் எப்படி இருக்கிறதோ, இனிஷியல் முன்னாலா பின்னாலா என்பது உட்பட, அப்படியே போடச் சொல்லுங்கள். ஒப்புகைச் சீட்டில் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்த பிறகு நகருங்கள்.

அடுத்தது ஒப்பந்தம். "முதல்ல வேலைக்கு வாங்க, ஒப்பந்தம் அப்புறம் போட்டுக்கலாம்" என்று எந்தக் கம்பெனி சொன்னாலும் ஒத்துக்கொள்ள வேண்டாம். அரசின் அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா இணையதளத்தில் உங்கள் பெயரில் ஒப்பந்தம் ஏறி, அதற்கு ஒரு எண் வந்தால்தான் 1961ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டப்படி நீங்கள் அப்ரண்டிஸ். அதுவரை செய்வது பயிற்சிக் கணக்கில் வராது. கடைசியில் தேர்வும் இல்லை, சான்றிதழும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு தம்பி இப்படியே மாதக்கணக்கில் உழைத்துவிட்டு வெறுங்கையோடு வெளியே வந்தான்.

இனி பணம். எங்களை உடைத்தது இதுதான். ஐடிஐ முடித்து வந்த எங்களுக்கு அப்போது உதவித்தொகை மாதம் குறைந்தபட்சம் 7,000 ரூபாய். மத்திய அரசின் தேசியத் தொழிற்பழகுநர் திட்டத்தில் அரசின் பங்கு உதவித்தொகையில் 25 சதவீதம், அதிகபட்சம் 1,500 ரூபாய். 2023இலிருந்து அந்தப் பங்கு கம்பெனிக்குப் போகாமல் நேராக நம் கணக்குக்கே வருகிறது. நல்ல ஏற்பாடுதான், வந்தால். கம்பெனி 5,500 போட்டது. மீதி 1,500 வரவே இல்லை. ஹெச்ஆரைக் கேட்டால், "அது கவர்மெண்ட் போடுறதும்மா, எங்க கையில இல்ல." மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் கேட்டால், "பேங்க்ல கேளுங்க." வங்கியில் கேட்டால், "உங்க ஆதார் இணைஞ்சுதானே இருக்கு, வேற என்ன?"

எனக்கு அந்த 1,500 தான் பஸ் செலவும் பிள்ளையின் டியூஷன் பணமும். முதலில் நின்றவள் இந்தக் கட்டத்தில்தான் நின்றாள். மாமியார் வீட்டில் "சம்பளமும் முழுசா வரலை, எதுக்குப் போற?" என்று கேட்டதற்கு அவளிடம் பதில் இல்லை.

விஷயம் என்ன என்று வங்கியில் புதிதாக வந்திருந்த ஒரு அதிகாரிதான் பொறுமையாக விளக்கினார். கணக்கில் ஆதார் எண்ணைக் கொடுத்து வைப்பது வேறு, அரசுப் பணம் எந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்று என்பிசிஐ (வங்கிகளுக்கு இடையே பணம் அனுப்பும் அமைப்பு) பதிவில் இருப்பது வேறு. பல வங்கிகளில் கணக்கு இருந்தாலும் அந்தப் பதிவில் ஒன்றுதான் இருக்கும். என் ஆதார் அங்கே நூறு நாள் வேலைக்காக எப்போதோ திறந்த கணக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதுவோ கேஒய்சி புதுப்பிக்காமல் முடங்கிக் கிடந்தது. பணம் அங்கே போய்ப் போய்த் திரும்பியிருக்கிறது. மைஆதார் தளத்தில் ஓடிபி போட்டு உள்ளே போனால், எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். சேருவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். வேறு வங்கி காட்டினால், இப்போதைய வங்கிக் கிளையில் சம்மதப் படிவம் எழுதிக் கொடுத்து மாற்றச் சொல்ல வேண்டும். "ஆதார் லிங்க் பண்ணுங்க" என்று மட்டும் கேட்டால் பழைய பதிலே கிடைக்கும். "அரசு மானியம் வருவதற்கான இணைப்பு" என்று சொல்லிக் கேளுங்கள். மாற்றிய பிறகு எனக்கு மாதாமாதம் வந்தது. விட்டுப்போனதும் தாமதமாக வந்து சேர்ந்தது. நின்றுபோனவளுக்கு அதே நோய்தான், மருந்து யாரும் சொல்லவில்லை.

வயதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சட்டத்தில் அப்ரண்டிஸுக்கு மேல் வயது வரம்பு இல்லை. ஆனால் அரசின் பங்கு 35 வயது வரைக்கும்தான். எங்கள் வகுப்பிலேயே கை சுத்தமாக வேலை செய்தது 38 வயது அக்கா ஒருவர். முழுத் தொகையையும் தானே தர வேண்டும் என்பதால் எந்தக் கம்பெனியும் அவரை எடுக்கவில்லை. எந்த வயதிலும் வா என்று ஐடிஐ கதவைத் திறக்கிறது, அடுத்த கதவு 35இல் சாத்திக்கொள்கிறது. படிப்பை விட்டுவிட்டுத் திரும்பி வருகிறவர்களில் பிள்ளை பெற்று வளர்த்துவிட்டு வருகிற பெண்கள் எத்தனை பேர்! இந்த வரம்பைத் தளர்த்தியே ஆக வேண்டும். பெயரையும் வங்கி இணைப்பையும் ஐடிஐ கடைசி மாதத்திலேயே வகுப்பில் உட்கார வைத்துச் சரிபார்த்து அனுப்பலாம். ஒரு பிற்பகல் வேலை. அதைச் செய்திருந்தால் எங்களில் இரண்டு மூன்று பேராவது நின்றிருக்க மாட்டார்கள்.

கம்பெனிக்குள் பெரிய சண்டை ஒன்றுதான். எங்களை எப்போது பார்த்தாலும் ஸ்லாக் (வெல்டிங் மேல் படியும் கசடு) தட்டவும் கிரைண்டிங் பிடிக்கவும் விட்டார்கள். தேர்வில் கேட்பது அது இல்லையே. செங்குத்தாக நிற்கும் தகட்டில் கீழிருந்து மேலே வெல்டிங் அடிக்கும்போது, இரண்டு ஓரத்திலும் ஒரு நொடி நின்று நடுவை வேகமாகக் கடக்க வேண்டும். நடுவில் தயங்கினால் உருகிய இரும்பு வழிந்து தொங்கிவிடும். இதெல்லாம் அடித்து அடித்துத்தான் கைக்கு வரும். பயிற்சிப் பதிவேட்டில் அந்தப் பக்கங்கள் காலியாக இருப்பதைக் காட்டி சூப்பர்வைசரிடம் கேட்டேன். முணுமுணுத்தார், ஆனால் மறுநாளே ஓரத்தில் ஒரு மேசையும் துண்டுத் தகடுகளும் கிடைத்தன. ஓவர்டைம் பார்க்கச் சொன்னபோதும், அரசின் தொழிற்பழகுநர் பயிற்சி ஆலோசகர் அனுமதி இல்லாமல் அப்ரண்டிஸை ஓவர்டைமில் வைக்கச் சட்டத்தில் இடமில்லை என்று மரியாதையாகச் சொன்னேன். அப்புறம் கேட்கவில்லை.

நடுவில் நின்றவர்களுக்கு ஒரு தகவல். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டால் இணையதளத்தில் உங்கள் பழைய ஒப்பந்தம் உயிரோடுதான் இருக்கும். அது முடித்துவைக்கப்படும் வரை வேறு கம்பெனி உங்களைப் பதிவு செய்ய முடியாது. முதலில் நின்றாளே, அவளுக்கு இப்போது திரும்பச் சேர ஆசை. இதனால்தான் மாட்டிக்கொண்டிருக்கிறாள். விலகல் கடிதம் இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் கம்பெனி முத்திரையோடு கையெழுத்து வாங்கியாயிற்று. அதன் நகலை மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் கொடுக்க வரும் திங்கட்கிழமை அவளோடு நானும் போகிறேன்.